எதிராளிக்கும் சட்டம் சொன்ன வக்கீல்

அறுபதுகளின் பம்பாயில், முந்தின நாள் சாயங்காலம் கோர்ட்டுகள் கலைந்தபோது சட்டம் எந்த நிலையில் இருந்தது என்பது இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் கடவுள். இன்னொருவர் மாதுங்காவில், ஒரு காப்பிப்பொடிக் கடையின் மாடியில் அலுவலகம் வைத்திருந்த லேட்டஸ்ட். கடவுளுக்கே ஏதாவது சந்தேகம் வந்திருந்தால், அவரும் அந்த மரப்படிகளில் மூச்சு வாங்க ஏறித்தான் வந்திருக்க வேண்டும்.

வாசலில் அவருடைய முழுப்பெயரும் பட்டங்களும் எழுதிய பலகை தொங்கியது. அதை யாரும் படித்ததில்லை. அவரைப் பார்த்தவுடன் எல்லா வக்கீல்களும் “என்ன லேட்டஸ்ட்?” என்று கேட்பார்கள், கேட்டுக் கேட்டுக் கேள்வியே பெயராகிவிட்டது. தாராவியில் அந்தப் பெயரும் பாதி தேய்ந்து ‘லேட்டு வக்கீல்’ ஆனது. இதனால் ஒரு சங்கடம். புதிதாக வரும் கட்சிக்காரர்கள், இவர் தாமதமாக வருகிறவர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, கோர்ட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வரச் சொல்லி அவரைக் கெஞ்சுவார்கள். அவரோ அதற்கும் முன்னால் போய், பூட்டிய கோர்ட் அறையின் வாசலில் நின்று படித்துக்கொண்டிருப்பார்.

நானும் வக்கீல்தான். அந்த மாடி அறையில் இரண்டு மேஜைகள். ஒன்று அவருடையது, மற்றது என்னுடையது. என் மேஜைக்குக் கட்சிக்காரர்கள் அதிகம் வராததால், எதிர் மேஜையை நிதானமாகப் பார்த்துக்கொண்டிருக்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

வெளியாட்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சட்டம் என்பது தடித்த புத்தகத்தில் ஒரேயடியாக அச்சடித்து வைத்த சமாசாரம் இல்லை. சட்டசபை ஒரு வரியை மாற்றும். ஐகோர்ட் அந்த வரிக்கு ஒரு பொருள் சொல்லும். அடுத்த வருஷம் வேறு நீதிபதிகள் வேறு பொருள் சொல்வார்கள். இதெல்லாம் அச்சாகி, தொகுப்பாகி எங்கள் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை நாங்கள் செத்துப்போன சட்டத்தைக் கட்டிக்கொண்டு வாதாடிக்கொண்டிருப்போம். மற்றவர்கள் இதைத் தொழிலின் வழக்கம் என்று விட்டுவிட்டார்கள். லேட்டஸ்டுக்கு மட்டும் அது தாங்கவில்லை.

அரசிதழ் வெளியாகும் நாளில், சர்னி ரோடு அரசுப் புத்தக டிப்போவின் கதவு திறப்பதற்கு முன்பே வாசலில் நிற்பார். மை காயாத தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருவதால், அவருடைய வெள்ளைச் சட்டைகள் எல்லாவற்றிலும் ஏதோ ஒரு விதியின் எண் தலைகீழாகப் பதிந்திருக்கும். தன் வழக்கு இல்லாத நேரமெல்லாம் ஐகோர்ட்டில் கடைசி பெஞ்சு. நீதிபதி தீர்ப்பு வாசிக்க ஆரம்பித்ததும் கண்ணை மூடிக்கொள்வார். உதடு மட்டும் அசையும். தூங்குகிறார் என்று நினைத்து ஒரு சேவகர் அவரை எழுப்பியதும் உண்டு. ஆனால் வெளியே வந்தபின், அந்தத் தீர்ப்பை முதல் வாக்கியத்திலிருந்து கடைசி வாக்கியம் வரை, நீதிபதி இருமிய இடத்தில் தானும் ஒரு நொடி நிறுத்தி, ஒப்பிப்பார். நான் ஒருமுறை அச்சான பிரதி வந்ததும் வைத்துச் சரிபார்த்தேன். ஓரிடத்தில் வித்தியாசம் இருந்தது. பிறகு விசாரித்தால், அச்சில்தான் பிழை.

மாநிலம் இரண்டாகப் பிரிந்து மகாராஷ்டிரமும் குஜராத்தும் தனித்தனியானபோது ஊரே பட்டாசு வெடித்தது. லேட்டஸ்ட் பேனாவில் மை நிரப்பிக்கொண்டார். தன் புத்தகங்களில் ‘பம்பாய் மாநிலம்’ என்று இருந்த இடத்தையெல்லாம் அடித்துத் திருத்தினார். பிறகு என் புத்தகங்களை. பிறகு, யாரும் கேட்காமலே, கிங்ஸ் சர்க்கிள் சுற்றுவட்டாரத்து வக்கீல்கள் அத்தனை பேருடைய புத்தகங்களையும். முடிவெட்டிக்கொள்ளப் போன இடத்தில், சுவரில் தொங்கிய காலண்டரையும் திருத்திவிட்டு வந்தார். சலூன்காரர் கோபப்படவில்லை. யாரோ அரசாங்க அதிகாரி என்று நினைத்துக் கூலி வாங்க மறுத்துவிட்டாராம்.

மேல்கோர்ட் ஒரு பழைய தீர்ப்பைச் செல்லாது என்று சொல்லிவிட்டால், அன்று அவர் முகத்தைப் பார்க்க முடியாது. “நேத்து சாயங்காலம் போயிட்டார் ஓய். நல்ல மனுஷன். எத்தனை குடும்பத்தைக் காப்பாத்தியிருக்கார்” என்று லோக்கல் ரயிலில் என்னிடம் பெருமூச்சு விட்டுக்கொண்டு வந்தார். அவர் சொன்னது குடியிருப்போருக்குச் சாதகமான ஒரு பழைய தீர்ப்பைப் பற்றி. பக்கத்தில் இருந்த பாலக்காட்டுக்காரர் ஒருவர் கண் கலங்கி, காரியம் எப்போது என்று கேட்டார். லேட்டஸ்ட் அதையும் சட்டச் சந்தேகமாகவே எடுத்துக்கொண்டு, அப்பீலுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது என்று ஆறுதல் சொன்னார். அந்த மனிதர் இறங்க வேண்டிய ஸ்டேஷனுக்கு முன்னாலேயே இறங்கிப் போய்விட்டார்.

அவர் மனைவி இதைச் சுருக்கமாகச் சொல்வார்: “இவருக்கு நேத்து வெச்ச ரசம்தான் ஆகாது. நேத்து வந்த தீர்ப்புன்னா உயிர்.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் அறையில் அவருடைய வாசிப்பு நடக்கும். அந்த வாரம் சட்டசபையில் என்ன மாறியது, எந்தத் தீர்ப்பு பிறந்தது, எது செத்தது என்று ஒன்று விடாமல் சொல்வார். கேட்க வரும் வக்கீல்கள் நாற்காலி போதாமல் படிக்கட்டு வரை உட்கார்ந்திருப்பார்கள். கீழேயிருந்து காப்பிக்கொட்டை வறுபடும் வாசனை வரும். வந்தவர் நண்பரா, நாளைக்கு எதிரே நிற்கப் போகிறவரா என்று அவர் பார்த்ததே இல்லை. அது பெருந்தன்மை என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது பெருந்தன்மையைவிட ஆபத்தான ஏதோ ஒன்று என்று காதர் மைதீன் வழக்கில்தான் புரிந்தது.

காதர் மைதீன் மேலப்பாளையத்துக்காரர். தாராவியில் சூட்கேஸ் பட்டறை வைத்திருந்தார். கீழே பட்டறை; மேலே பலகை அடித்த பரணில் மனைவி, மக்கள். வேலையாட்களுக்கும் அந்தப் பட்டறைத் தரையில்தான் படுக்கை. இடத்துக்காரர் பல வருஷம் மாதாமாதம் பணம் வாங்கிக்கொண்டிருந்துவிட்டு, திடீரென்று காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டார். காதருக்கு லேட்டஸ்ட்தான் வக்கீல்.

வாடகைதாரர் என்றால் வாடகைச் சட்டம் காப்பாற்றும். அவ்வளவு சுலபமாக வெளியேற்ற முடியாது. அதனால் பம்பாயில் இடத்துக்காரர்கள் ஒரு தந்திரம் கண்டுபிடித்திருந்தார்கள். ‘இவர் வாடகைதாரர் இல்லை, என் அனுமதியின்பேரில் தங்கியிருப்பவர்’ என்று ஒரு ஆங்கிலத் தாளில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். காதரும் படிக்கத் தெரியாமல் அப்படி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

ஆனால் அந்தச் சமயம் சட்டம் காதர் பக்கம்தான் இருந்தது. தாளில் என்ன எழுதியிருந்தாலும், நடைமுறையில் இடம் யார் வசம் இருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும் என்று கோர்ட்டுகள் சொல்லிக்கொண்டிருந்தன. பட்டறைக் கதவின் பூட்டு காதருடையது. சாவியும் காதரிடம் மட்டும்தான். இடத்துக்காரரே சாட்சிக் கூண்டில் அதை ஒப்புக்கொண்டார். அவருடைய வக்கீல் பிரதான் என்ற மராத்திக்காரர், மிடுக்கான மனிதர். அவரே மனம் தளர்ந்துவிட்டார். இறுதி வாதம் ஒரு நாள் பாக்கி. பரணுக்குப் புதுப் பலகை அடிப்பது பற்றிக் காதர் வீட்டில் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

இறுதி வாதத்துக்கு முந்தின நாள், வி.டி. ஸ்டேஷனில் லேட்டஸ்டைப் பார்த்தேன். முகம் வெளிறியிருந்தது. அன்று பிற்பகல் ஐகோர்ட்டில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு தீர்ப்பைக் கேட்டிருக்கிறார். எழுத்துபூர்வமாக அனுமதி என்று இருந்து, கையெழுத்தும் இருந்தால், மோசடி இல்லாதவரை அந்தத் தாளைத்தான் நம்ப வேண்டும். பூட்டையும் சாவியையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். காதர் வழக்கை அப்படியே தலைகீழாகக் கவிழ்க்கும் தீர்ப்பு.

பிரதானுக்குத் தெரியுமா என்று கேட்டேன். அறையில் தீர்ப்பு வந்த வழக்கின் வக்கீல்களையும் தன்னையும் தவிர வேறு யாரும் இல்லை என்றார். அச்சாகி வர மாதங்கள் ஆகும். நாளையோடு வழக்கு முடிந்துவிடும்.

“அப்போ நாளைக்கு ஒரு நாள் வாயை மூடிண்டு இரும் ஓய்” என்றேன்.

காப்பியில் விஷம் கலக்கச் சொன்னது போல என்னைப் பார்த்தார். அவரோடு ரயிலில் சட்டம் கேட்காமல் பயணம் செய்தது எனக்கு அதுவே முதல் தடவை.

மறுநாள் தோபிதலாவில் கோர்ட். இரு தரப்பும் வாதம் முடித்தபின், வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று நீதிபதி கேட்டார். பிரதான் இல்லையென்று தலையசைத்துவிட்டுத் தாள்களைக் கட்ட ஆரம்பித்தார். லேட்டஸ்ட் எழுந்தார். முந்தின நாள் ஐகோர்ட்டில் வந்த தீர்ப்பு ஒன்றை இந்தக் கோர்ட்டின் கவனத்துக்குக் கொண்டுவரக் கடமைப்பட்டிருக்கிறேன் என்று ஆரம்பித்து, முழுவதையும் சொன்னார். ஒரு சொல்கூட மழுப்பவில்லை. தன் கட்சிக்காரருக்கு எதிரான பகுதியை, நிதானமாக, இரண்டு தடவை சொன்னார்.

பிரதானின் கையிலிருந்த கட்டு அவிழ்ந்து தாள்கள் தரையெல்லாம் பரவின. அவர் அவற்றைப் பொறுக்கவில்லை.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். “வக்கீல் அவர்களே, நீங்கள் யார் தரப்பில் ஆஜராகிறீர்கள் என்று ஒருமுறை நினைவுபடுத்த முடியுமா?” என்று கேட்டார்.

காதர் மைதீன் தரப்பில்தான் என்றார் லேட்டஸ்ட். அந்தத் தீர்ப்பு தவறு என்றும், அதை ஏன் இங்கே பின்பற்றக் கூடாது என்றும் பிறகு அரைமணி நேரம் வாதாடினார். நன்றாகவே வாதாடினார். ஆனால் கீழ்க்கோர்ட் ஐகோர்ட் சொன்னதை மீற முடியாது. நீதிபதி அந்தத் தீர்ப்பின் பிரதியை வரவழைத்துப் படித்துவிட்டு, சில வாரம் கழித்துக் காதருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார். அப்பீலுக்கு அவகாசம் மட்டும் தாராளமாகக் கொடுத்தார்.

தீர்ப்புச் சொன்ன அன்று, வெளியே வராந்தாவில் காதர் வந்து நின்றார். கூடவே அவர் மச்சான், முஷ்டியை இறுக்கிக்கொண்டு.

“வக்கீலய்யா, ஒண்ணு கேக்கட்டுமா? நீங்க சொல்லாட்டி அவியளுக்குத் தெரிஞ்சிருக்குமா?”

“தெரிஞ்சிருக்காது.”

“பொறவு என்னத்துக்குச் சொன்னிய?”

லேட்டஸ்ட் தரையைப் பார்த்தார். “தெரிஞ்சதைத் தெரியாத மாதிரி அங்கே நிக்க எனக்கு வரலை, காதர். உங்க குடும்பத்தைக் கவுத்துட்டேன். வேற வக்கீல் பார்த்துக்கோங்கோ. கேஸ் கட்டெல்லாம் இப்பவே கொடுத்துடறேன்.”

மச்சான் உடனே கையை நீட்டினார். காதர் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

“சும்மா இரும் மச்சான். நமக்கு எதிரா இருக்கதையே மறைக்கத் தெரியாத மனுசன், நமக்கு ஆவுற மாதிரி ஒண்ணு வந்தா சும்மா விட்டுருவாரா?”

சட்டக் கல்லூரியில் இதைவிடத் தெளிவான ஒரு வாக்கியம் நான் கேட்டதில்லை. லேட்டஸ்ட் வக்கீல் அங்கியின் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அந்த அங்கியை அவர் எவ்வளவு மரியாதையாக வைத்திருப்பார் என்று தெரிந்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

அப்பீல் நிலுவையில் இருந்த காலத்தில் இரண்டு விநோதங்கள் நடந்தன. லேட்டஸ்ட் ஐகோர்ட்டின் கடைசி பெஞ்சிலேயே குடியிருந்தார். பகல் சாப்பாட்டையும் மறந்தார். இரண்டாவது, பிரதான் ஞாயிற்றுக்கிழமை வாசிப்புக்கு வர ஆரம்பித்தார். மிடுக்காக உடுத்திக்கொண்டு வந்து, இடமில்லாமல் காப்பிக்கொட்டைச் சாக்கின்மேல் உட்கார்ந்து, பயபக்தியோடு குறிப்பெடுத்துக்கொண்டார். எதிர்த்தரப்பு வக்கீலை வைத்துக்கொண்டு எப்படி வாசிப்பது என்று நான் லேட்டஸ்டிடம் முணுமுணுத்தேன். அவருக்கு வெயில் படாத இடமாகப் பார்த்து உட்காரவைக்கச் சொன்னார்.

பிறகு ஒரு ஞாயிறு. மழை பிடித்துக்கொண்டிருந்த காலம். லேட்டஸ்ட் தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த வாரம், முன்னதைவிட அதிக நீதிபதிகள் சேர்ந்து உட்கார்ந்த ஐகோர்ட் பெஞ்சு ஒன்று, தாளில் எழுதியிருப்பது மட்டும் முடிவானது இல்லை, இடம் உண்மையில் யார் வசம் என்றுதான் பார்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்திருப்பதாக அறிவித்தார். காதரைக் கவிழ்த்த தீர்ப்பு செத்துவிட்டது. அப்பீலுக்குச் சில நாட்களே இருந்தன. சொல்லும்போது அவர் பார்வை நேராகப் பிரதான்மேல் இருந்தது. நான் மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். காலை நகர்த்திக்கொண்டு, தீர்ப்பின் காரணங்களையும் விவரமாகச் சொன்னார். பிரதான் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

எல்லோரும் போனபின் நான் கத்திவிட்டேன். பிரதான் இப்போது பதில் தயாரித்துக்கொண்டு வருவார், இதையாவது அப்பீல் வரை வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

“சட்டம் என்ன நம்மாத்துப் புளிக்காய்ச்சலா ஓய், ஜாடியில ஒளிச்சு வெக்க?” என்றார். குரல் ஏற்கெனவே கரகரத்திருந்தது.

அப்பீல் அன்று அந்தக் குரல் சுத்தமாகப் போய்விட்டது. மழையில் நனைந்து, ரயிலில் இரண்டு கம்பார்ட்மெண்டுக்குக் கேட்கும்படி புதுத் தீர்ப்பைச் சொல்லிக்கொண்டு வந்ததன் பலன். இரண்டு நீதிபதிகள் உட்கார்ந்திருந்தார்கள். அழைத்ததும் எழுந்தார். வாயைத் திறந்தார். கதவிடுக்கில் காற்று நுழைவது போல ஒரு சத்தம் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி திறந்தார். அதுவும் வரவில்லை. பின்னால் காதரும், மச்சானும், பரணிலிருந்து வந்திருந்த மொத்தக் குடும்பமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். காலி செய்வதை நிறுத்திவைத்த உத்தரவு அன்றோடு முடிகிறது; வழக்கு நாள் தள்ளிப்போனால் அதற்குள் அவர்கள் சாமான்கள் தெருவில் கிடக்கும். நான் எழுந்து ஏதாவது சொல்லலாம் என்று அவர் பையைத் துழாவினேன். கையில் வந்ததெல்லாம் ஈரத் தாள்.

அப்போது எதிர்ப்பக்கத்தில் பிரதான் எழுந்தார்.

தன் நண்பருக்கு இன்று பேச முடியவில்லை என்றார். அவர் பேசியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பது தனக்குத் தெரியும், ஏனென்றால் அதைத் தனக்கே சொல்லிக் கொடுத்தவர் அவர்தான் என்றார். பிறகு, தன் கட்சிக்காரருக்கு எதிரான அந்தப் புதுத் தீர்ப்பை நீதிபதிகளிடம் தானே எடுத்துச் சொன்னார். “கீழ்க்கோர்ட்டில் இவர் தனக்கு எதிரான தீர்ப்பை எழுந்து நின்று சொன்னதை நான் பார்த்தவன். அதற்குப் பிறகு நான் இன்று உட்கார்ந்திருந்தால், வீட்டில் கண்ணாடி பார்க்க முடியாது” என்றும் சொன்னார்.

லேட்டஸ்ட் என் அங்கியைப் பிடித்து இழுத்தார். உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார் என்று நினைத்து அவர் தோளைத் தட்டிக் கொடுத்தேன். தட்டிய கையை உதறிவிட்டு, முகம் சிவக்க, கழுத்து நரம்பு புடைக்க, இருந்த மூச்சையெல்லாம் திரட்டிக்கொண்டு பிரதானைப் பார்த்து ஒரு சொல் சொன்னார்.

“வெட்னஸ்டே.”

பிரதான் தீர்ப்பு வந்த நாளை வியாழன் என்று சொல்லியிருந்தார். புதன்தான் சரி. பிரதான் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டுத் திருத்திக்கொண்டார். மூத்த நீதிபதி சிரிப்பை அடக்கத் தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். அந்த அப்பீலில் லேட்டஸ்ட் பேசியது அந்த ஒரு சொல்தான். புதுத் தீர்ப்பின்படி, பூட்டும் சாவியும் காதருடையவை என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, காதர் வாடகைதாரரே என்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். பட்டறை பிழைத்தது. கோர்ட் வாசலில் மச்சான்தான் முதலில் அழுதார்.

அதற்குப் பிறகு காதரும் ஞாயிற்றுக்கிழமைகளில் வர ஆரம்பித்தார். வாசிப்பு முழுக்க ஆங்கிலம்; அவருக்கு ஒரு எழுத்துப் புரியாது. எதற்கு வருகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். “என் சட்டம் உசிரோட இருக்கான்னு பாத்துட்டுப் போறேன்” என்றார். லேட்டஸ்ட் வாசிப்பு முடிந்ததும் அவரைப் பார்த்து ஒருமுறை தலையசைப்பார். காதர் செருப்பை மாட்டிக்கொண்டு நிம்மதியாகத் தாராவிக்குத் திரும்புவார்.

அறுபதுகள் முடியும் சமயம் நான் வக்கீல் தொழிலை விட்டுவிட்டு, எழுதிப் பிழைக்கலாம் என்று மதராஸுக்குக் கிளம்பினேன். தாதர் ஸ்டேஷனுக்கு லேட்டஸ்ட் வந்தார். பிரிவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இனி எனக்கு எந்த உபயோகமும் இல்லாத அந்த வாரத்துத் திருத்தங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வண்டி நகர்ந்தது. சொல்லிக்கொண்டே நடந்தார். வேகம் கூடியது. தன் பருத்த உடம்பை வைத்துக்கொண்டு, செருப்பு ஒன்று கழன்று விழ, பாதியில் விட்ட வாக்கியத்தை முடித்துவிட வேண்டும் என்று ஓடிவந்தார். பிளாட்பாரம் முடிந்த இடத்தில் நின்றுவிட்டார். வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

அந்த வாக்கியம் எப்படி முடிந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை. தாதர் ஸ்டேஷனில் அந்தப் பிளாட்பாரத்தை இன்னும் கொஞ்சம் நீளமாகக் கட்டியிருக்கலாமே என்றுதான் தோன்றியது.